அம்மா காத்திருந்த விதம்

அம்மா நம்மைவிட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். "நீ டீச்சர், உனக்குத்தான் எழுத வரும்" என்று பெரியப்பாவின் மகனான என் அண்ணன் இந்தப் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார். மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்தே பழகிய எனக்கு, அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதல் வரி வரவே நான்கைந்து நாள் ஆயிற்று. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது ஆனேக்கல்லில். அவருடைய தகப்பனார் அங்கே தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் பாதித் தெலுங்கு. அம்மாவுக்குக் கடைசிவரை கன்னடத்தில்தான் எண்ண வரும். அரிசி அளக்கும்போது ஒந்து, எரடு என்றுதான் வாய் முணுமுணுக்கும். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ்.

அவர் சிறு பெண்ணாக இருந்தபோது பிளேக் வந்தது. ஊரையே காலி செய்துவிட்டு ஜனங்கள் வயல்வெளியில் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்தக் குடிசையில் அம்மாவின் தாயாரும் தகப்பனாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் அம்மாவும், அப்போதுதான் மீசை அரும்பியிருந்த என் மாமாவும். "அழுதுக்கிட்டே படுத்திருந்தேன். அண்ணனுக்குக் கஞ்சி வடிக்கத் தெரியல, கையைச் சுட்டுக்கிட்டான். நான் எழுந்து போய் வடிச்சேன். அப்புறம் படுக்கவே இல்ல" என்று அம்மா ஒரே ஒரு முறை அந்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

மாமாதான் அம்மாவை வளர்த்து, தண்டில் இருந்த எங்கள் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார். தண்டு என்று அப்போது சொன்னது பெங்களூரின் பட்டாளப் பகுதியை. அப்பா அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அல்சூரில் பெரியப்பா, பெரியம்மாவோடு ஒரே குடும்பமாக இருந்தார்கள். அப்பா வீட்டுக்குள் நுழையுமுன் அவர்மேல் வீசும் மருந்து வாசனை நுழைந்துவிடும். அவர் அதிகம் பேசமாட்டார். அம்மா பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது அந்தச் சிரிப்பும் வாசனையும்தான்.

முதலாவது பெரிய யுத்தம் தொடங்கியபின் அப்பாவின் ஆஸ்பத்திரிப் பிரிவைப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். தண்டு ஸ்டேஷனில் கூட்டமான கூட்டம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "பாப்பாவுக்குப் பேரீச்சம்பழம் கொண்டாறேன், அங்க மரத்துலயே காய்க்குதாம்" என்றார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வண்டிச் சத்தத்தில் அம்மாவுக்கும் சரியாகக் கேட்கவில்லையாம். பிற்காலத்தில் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அப்பா பஸ்ராவிலிருந்து போயிருந்த ஊர் முற்றுகையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் எதிரியின் கையில் விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். பெரியப்பா பட்டாளத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் திரும்பி வந்து தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அம்மா.

"இருக்கான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. காணோம்னு எழுதியிருக்காங்களாம்."

காணோம் என்ற அந்தச் சொல்லுக்குள் அம்மா முப்பது வருஷம் வாழ்ந்தார். நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

ஆரம்பத்தில் அம்மாவின் பக்தி ஒரு சண்டை மாதிரி இருந்தது. திங்கட்கிழமை பட்டினி, வெள்ளிக்கிழமை பட்டினி, சஷ்டி, கிருத்திகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. அவர் வந்தால் முடி கொடுக்கிறேன், அவர் வந்தால் அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று வேண்டுதலுக்கு மேல் வேண்டுதல். பெரியம்மா தட்டில் சோறு போட்டால் நகர்த்தி வைத்துவிடுவார். ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னிக்கு விரதம், வாயில தண்ணி ஊத்திடாதீங்க."

எங்கள் தெருக்கோடியில் லூர்தம்மா என்ற கத்தோலிக்கப் பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் அப்பாவின் பிரிவிலேயே சமையல்காரராகப் போனவர். அம்மாவும் அவரும் சேர்ந்துதான் செய்தி கேட்கப் போவார்கள், சேர்ந்துதான் வெறுங்கையோடு திரும்புவார்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் லூர்தம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது. கணவர் பேதி கண்டு இறந்துபோனார், அடக்கமும் ஆகிவிட்டது என்று திட்டமான செய்தி. மாதா கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நின்றார். பூசை முடிந்து வெளியே வந்ததும் லூர்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் சொல்லப் போனவர், தம்மையறியாமல் சொல்லிவிட்டார்: "உனக்காவது தெரிஞ்சுபோச்சு லூர்தக்கா."

லூர்தம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுது வீங்கின முகத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சதை நீ எடுத்துக்கறியா தங்கச்சி? உனக்குத் தெரியாததை எனக்குக் குடு. நான் இப்பவே மாத்திக்கறேன். ராத்திரி என் புள்ளைங்க அப்பா எப்ப வருவாருன்னு கேட்டா, தெரியலடான்னு சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையா இருக்கு தெரியுமா?"

அம்மா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் தலைகுனிந்தே நடந்தார். அன்று வெள்ளிக்கிழமை. வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, லூர்தம்மா வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து உலை வைத்தார். ஒரு தூக்கில் அங்கே கொடுத்தனுப்பிவிட்டு, தாமும் ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றார். தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"என் கஷ்டம் ஒண்ணுதான் சாமிகிட்ட இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் பக்கத்துல நிக்கறவங்களைப் பாத்தேன்" என்று அந்த நாளைப் பற்றி அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் பெரியப்பா வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. வந்த சுமங்கலிகளுக்கெல்லாம் பெரியம்மா மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டே வந்தார். அம்மா உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் தட்டு நின்றது. பெரியம்மா கெட்டவரே இல்லை, அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி, "இவங்களுக்குக் குடுக்கலாமா, கூடாதா? கேட்டுக்கிட்டுக் குடுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கற இடம்" என்றார். வளையல் சத்தம்கூட நின்றுபோயிற்று.

அம்மா எழுந்து நின்றார். "எனக்கே தெரியாததை அக்காவைத் தெரிஞ்சு சொல்லச் சொன்னா எப்படிங்க? தட்டு அந்தப் பக்கம் போகட்டும்" என்றார். குரலில் கோபமில்லை. சமையற்கட்டுக்குப் போய்ப் பாயசத்தைக் கிளறிக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். அடுப்பு அணைந்த பின்னும் அவர் கிளறிக்கொண்டே இருந்தார்.

வளைகாப்பு முடிந்த சில வாரங்களில் தனி வீடு போவதென்று அம்மா முடிவு செய்தார். பெரியப்பாவுக்குக் கோபம். "இந்த வீட்டுல உனக்கு யார் என்ன குறை வெச்சாங்க?" என்றார்.

"குறையே இல்ல. நல்லது நடக்கற ஒவ்வொரு நாளும் நான் இருக்கறதா எழுந்து போறதான்னு எல்லாரும் யோசிக்கணும். அந்தக் கஷ்டத்தை உங்களுக்குக் குடுக்க வேணாம்னுதான் போறேன்."

அதே அல்சூரில், சந்தைக்குப் பின்னால், ஒற்றை அறையும் ஒரு சமையலிடமுமாக ஒரு வீடு. பக்கத்திலிருந்த மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. பெரியப்பா ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அரிசி மூட்டையை ஆளிடம் தூக்கிவரச் செய்து வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமலே திரும்பப் பார்த்தார். அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அன்றோடு அந்த வருத்தம் தீர்ந்தது.

புது வீட்டுக்கு வந்தபின் நடந்ததுதான் அம்மாவின் வாழ்க்கையில் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. வழக்கம்போல் ஒரு திங்கட்கிழமை அல்சூர் சிவன் கோயிலுக்குப் போய் அம்பாள் சந்நிதியில் நின்றோம். அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்வது வழக்கம். புதிதாக வந்திருந்த குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. குருக்கள் இன்னொரு தரம் கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"சரி, சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமாம்மா?" என்றார் குருக்கள்.

"பண்ணுங்க ஐயரே" என்றார் அம்மா.

அவ்வளவுதான் நடந்தது. அர்ச்சனை முடிந்து, தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு, பிரகாரத்தில் ஒரு தூணருகே உட்கார்ந்தோம். வழக்கத்தைவிட வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் தேங்காயைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தேன், அம்மா தடுக்கவில்லை.

நான் பெரியவளானபின் ஒரு முறை, அன்று ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவர் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். இருக்கறவரா நினைச்சுச் சொல்றதா, போனவரா நினைச்சுச் சொல்றதான்னு தெரியல. எதைச் சொன்னாலும் பொய்யாப் போயிடுமோன்னு இருந்துது. ஐயர் சுவாமி பேருக்கேன்னதும் எனக்கு மூச்சு வந்துது பாப்பா. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம நின்னேனா, அப்பத்தான் அம்பாள் முகத்தையே பாத்தேன். அத்தனை வருஷம் அங்க போய் என் வேண்டுதலைத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்."

அதன்பின் அம்மா கலங்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். ரயில் ஊதும் சத்தம் கேட்டால் தையலை நிறுத்திவிடுவார். யாராவது படியேறும் சத்தம் அப்பாவுடையதைப்போல இருந்துவிட்டால் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடமாட்டார். ஆனால் வேண்டுதல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கோயிலுக்குப் போவது நிற்கவில்லை. முன்னெல்லாம் திரும்பி வரும்போது இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல வேகமாக நடப்பார். இப்போது வழியில் நின்று பூக்காரியிடம் அவள் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பார்.

யுத்தம் முடிந்து சிறைப்பட்டவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். அப்பா வரவில்லை. ஊருக்குத் தெற்கே இருந்த அடுகோடியிலிருந்து காதர் பாய் என்று ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அப்பாவின் பிரிவில் நோயாளிகளை டோலியில் தூக்கிச் செல்லும் வேலை பார்த்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஊர் விழுந்ததும் எங்களையெல்லாம் பாலைவனத்துல நடத்திக்கிட்டுப் போனாங்கம்மா. நடக்க முடியாதவங்க ஒரு கொட்டாயில கிடந்தாங்க. கம்பவுண்டர் ஐயா நல்லாத்தான் இருந்தாரு, நடக்கக்கூடியவர்தான். 'நீங்க போங்க காதர், இவங்களுக்குத் தண்ணி குடுக்க ஒரு ஆள் வேணும்'னு சொல்லி அங்கயே நின்னுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பாக்கலம்மா. அந்தக் கொட்டாயில இருந்தவங்க ஒருத்தரையும் பாக்கல. மவுத்தாயிட்டாருன்னு சொல்ல என் கண்ணு பாக்கல. இருக்காருன்னு சொல்லவும் தைரியம் இல்ல. அல்லா சாட்சியா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். "அந்த வெயில்ல கால்ல ஏதாவது போட்டிருந்தாரா?" என்று கேட்டார்.

காதர் பாய் தலைகுனிந்தார். "பூட்ஸைக் கழட்டிக் குடுத்துட்டாரும்மா. நான் எங்கயும் போகப்போறதில்ல, நடக்கறவன் போட்டுக்கட்டும்னாரு." பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எனக்குத்தாம்மா குடுத்தாரு. அது இல்லேன்னா நான் ஊர் வந்து சேர்ந்திருக்கமாட்டேன்."

அப்போதுதான் அம்மா அழுதார். அவர் அழ, வாசற்படியில் காதர் பாயும் அழுதார். பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு இலை போட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று அவரை உட்காரவைத்துப் பரிமாறினார். அவர் போனபின் என்னிடம், "உங்கப்பா நடந்திருக்கலாம், நடக்கல. தெரிஞ்சே நின்னிருக்காரு. இவ்வளவு எனக்குத் தெரிஞ்சுதே" என்றார். அன்றிலிருந்து அப்பாவைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரலில் ஒரு பெருமை சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு ஈத் பெருநாளுக்கும் காதர் பாய் வீட்டிலிருந்து சேமியா வந்துகொண்டிருந்தது. அவர் காலமானபின்னும் அவர் மகன் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மாவுக்கு அடுத்த சோதனை வந்தது. ஒரு நல்ல இடம். பிள்ளையின் தகப்பனார் பெரியப்பாவிடம், "பொண்ணோட அப்பா இருக்காரா, காலமாயிட்டாரா? பத்திரிகையில எப்படிப் போடறது? ஜாதகம் சேர்ந்துட்டா போதுமா, இதைத் தீர்த்துக்கிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினார். பெரியப்பா சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். காணாமற்போனவருக்குக் காலம் கடந்தபின் தர்ப்பையால் உருவம் செய்து கர்மம் பண்ணிவிடலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"நான் பண்றேன். தம்பிக்குப் பண்ண எனக்கு மட்டும் சந்தோஷமா? பொண்ணுக்கு வயசு போயிக்கிட்டே இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா, "தெரியாதுங்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச நிஜம். தெரிஞ்ச மாதிரி சாமி முன்னால வந்து நிக்க என்னால முடியாது" என்றார்.

"உன் பொண்ணு வாழ்க்கையைவிட உன் பிடிவாதம் பெருசாப் போச்சா?"

அந்தக் கேள்வி அம்மாவைத் தைத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. இது உன் வாழ்க்கை. நீ வேணும்னா சொல்லு. நான் ஒத்துக்கறேன். அப்புறம் உன்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்."

சொன்னபடியே செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "வேண்டாம்மா" என்றேன். அந்த இடம் தட்டிப்போயிற்று. ஊரில் பேச்சும் கிளம்பிற்று. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன், பள்ளியில் வேலையும் கிடைத்தது. இனி கல்யாணம் இல்லை என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தபோது, ஊரின் பழைய பகுதியான பேட்டையில் சர்வே ஆபீசில் வேலை பார்த்த என் மாமனார் பெண் பார்க்க வந்தார். காப்பியைத் தொடுமுன்பே அம்மா அவரிடம், "என் வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதுக்காக எந்தச் சடங்கும் பண்ணல, பண்றதாவும் இல்ல. இது சம்மதம்னா மேல பேசலாம்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா அப்படியே உறைந்துபோனார்.

மாமனார் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, "பத்திரிகை உங்க பேர்லயே போடுங்கம்மா. கூப்பிடப்போறது நீங்கதானே?" என்றார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் கல்யாணப் பத்திரிகை என்பது அல்சூர் பார்க்காத விஷயம். அச்சாபீசில் தவறென்று நினைத்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மாமாவும் மாமியும் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். பத்திரிகையை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பெரியப்பா.

இரண்டாவது யுத்தம் வந்தபோது அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்களோடு வந்திருக்கச் சொன்னால் கேட்கமாட்டார். சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததும் தண்டிலும் சுற்றுப்பட்டிலும் எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளைகளைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா தாமாகவே அந்த வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். மகன் வீட்டோடு லிங்கராஜபுரம் போய்விட்டிருந்த லூர்தம்மா அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டார். அம்மா அல்சூரிலிருந்து அடுகோடிவரை நடந்தே போவார்.

அடுகோடியில் கமலம் என்று ஒரு இளம்பெண். கணவர் பட்டாளத்து லாரி டிரைவராக மலாய்க்குப் போனவர். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே இருந்தாள். ஒரு முறை அம்மாவோடு நானும் போனேன். எனக்கு மனம் கேட்கவில்லை. "கவலைப்படாதே கமலம், கட்டாயம் வந்துடுவார்" என்றேன். அம்மா எழுந்து கிளம்பினார். திரும்பி வரும் வழியில்தான் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதே பாப்பா. வரலேன்னா உன் வார்த்தையையும் சேத்து அவதான் சுமக்கணும்."

"பின்ன என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அங்க முறத்துல கீரை ஆயாம கிடந்துது பாத்தியா? அதை ஆய்ஞ்சு குடுத்திருக்கலாம்."

அம்மா அதைத்தான் செய்தார். கீரை ஆய்ந்தார், அரிசியில் கல் பொறுக்கினார், கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தார். பல நாள் கழித்து ஒரு மத்தியானம் கமலம் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, இத்தனை வருஷம் நீங்க எப்படித்தான் இருந்தீங்க?" என்று கேட்டாளாம். கமலமே இதை எனக்குச் சொன்னாள்.

"முதல்ல அவரை வரவைக்கறதுக்காக சாமி கும்பிட்டேன். அப்புறம், அவர் வந்தாலும் வராட்டியும் நான் கெட்டுப்போகாம இருக்கணும்னு கும்பிட்டேன். அது நடந்துதா இல்லையான்னு நீதான் பாத்துச் சொல்லணும்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். கமலமும் அன்றைக்குச் சிரித்தாளாம்.

யுத்தம் முடிந்ததும் சில பேர் திரும்பினார்கள். அல்சூரில் அம்மா போய்ப் பார்த்துவந்த சாவித்திரி என்ற பெண்ணின் கணவர் வந்துசேர்ந்தார். சாவித்திரி அவரை நேராக அம்மாவிடம் கூட்டிவந்து காலில் விழச்சொன்னாள். அம்மா இருவருக்கும் திருநீறு பூசி, "நல்லா இருங்க" என்றார். பிறகு காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே போனார். போய்ப் பார்த்தேன். அடுப்பருகே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "சந்தோஷந்தான் பாப்பா. ஆனா உள்ள ஒருத்தி இன்னும் ஸ்டேஷன்லயே நிக்கறா, அவளையும் கொஞ்சம் அழவிடணுமில்ல" என்று சொல்லி, முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பியை எடுத்து வந்தார். அம்மாவைப் பெரிய மனுஷி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கு அவர் பெரியவராகத் தெரிந்தது அந்த அடுப்படியில்தான்.

சென்ற வருஷம் மூச்சிரைப்பு அதிகமாகிப் படுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் கையை விரித்ததும், கேட்கவேண்டிய ஒரு கேள்வி எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது. யாருக்கும் வாய் வரவில்லை. பெரியம்மாதான் கட்டிலருகே உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நேராகவே கேட்டார்: "உன்னை நாங்க எப்படிம்மா அனுப்பணும்? நீயே சொல்லிடு."

அம்மா சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. "இத்தனை வருஷமா தெரியாததை இந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டா அக்கா சொல்லப்போறேன்? குளிப்பாட்டறவங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யட்டும். சண்டை மட்டும் வேணாம்." பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மறுநாள் காலையில், பால்காரர் வந்துபோன நேரத்தில், சிரமமில்லாமல் மூச்சு அடங்கிற்று.

செய்தி எப்படிப் பரவியதோ, அடுகோடியிலிருந்தும் லிங்கராஜபுரத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கணவர் திரும்பி வந்தவர்கள், இறந்த செய்தி கிடைத்தவர்கள், எந்தச் செய்தியும் கிடைக்காதவர்கள். சிவப்புச் சேலையா வெள்ளைச் சேலையா என்று உறவில் மூத்தவர்கள் கூடத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாவித்திரியும் கமலமும் சேர்ந்தே அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். லூர்தம்மா தலை துவட்டினார். அம்மா வெளியே கிளம்பும்போது உடுத்தும் பழுப்பு நிறக் கைத்தறிச் சேலையை அவர் பெட்டியிலிருந்து கமலமே எடுத்து உடுத்தினாள். நெற்றியில் திருநீறு. கழுத்தில் இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று யாரும் அதைத் தொடவில்லை. கதவைத் திறந்தார்கள். பெரியம்மா எழுந்து வந்து பார்த்து, "எங்கயோ கிளம்பற மாதிரியே இருக்கா" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், மகனின் இடத்தில் நின்று எல்லாக் காரியங்களையும் செய்த பெரியப்பா மகன் அண்ணனுக்கும், தள்ளாத வயதில் ஆனேக்கல்லிலிருந்து வந்து தங்கையை வழியனுப்பிய மாமாவுக்கும், தன் தாயாகவே நினைத்துப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும், பாடை தூக்கத் தோள் கொடுத்த காதர் பாயின் மகனுக்கும், கோயிலில் அம்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய லூர்தம்மாவுக்கும், விடுமுறை கொடுத்து உதவிய என் பள்ளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் அம்மாவை நினைத்து என்னை மன்னிக்க வேண்டும்.

கமலத்துக்கு இன்னும் செய்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுகோடிக்குப் போகிறேன். டீச்சராக இருந்து பழகியதால் எனக்குப் பேசாமல் உட்காரத் தெரிவதில்லை. ஏதாவது ஆறுதல் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் முறத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது கமலம் படிவரை வந்து, "அடுத்த வாரமும் வாங்கக்கா" என்றாள்.

— மகள்